அந்தப் பக்கத்துப் புகை

எனலேசிக்குப் புகையைக் காட்டினால் போதும், அதன் அடியில் இருக்கிற பானையைப் பற்றிச் சொல்லிவிடுவாள். தடித்து வெள்ளையாக எழுந்தால் பச்சை விறகு, வீட்டுக்காரன் சோம்பேறி. மெல்லிசாக நெடுநேரம் நின்றால் அவரை வேகிறது. சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கினால் நேற்றைய களியைச் சூடு பண்ணுகிறார்கள். வந்திருக்கிற விருந்தாளிக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. அவள் சொல்வது பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி தப்பென்று யாரும் அவளிடம் போய்ச் சொன்னதில்லை. சொன்னால், இவள் எதற்கு மறைக்கப் பார்க்கிறாள் என்று அதையும் துருவ ஆரம்பித்துவிடுவாள்.

அவள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு விற்பது டெட்சா மலைக்குத் தெற்கே, தார்ச்சாலை ஓரத்தில். சாலைதான் எங்களுக்கு எல்லை. தார் மலாவியுடையது. எதிர்ப்புறத்துப் பள்ளத்தைத் தாண்டிக் காலை வைத்தால் மொசாம்பிக். வேலி கிடையாது, காவல் கிடையாது. பேச்சு ஒன்று, கோயில் ஒன்று, கல்யாணம் கருமாதி எல்லாம் கலந்துதான். இந்தப் பக்கத்துக் கோழி அந்தப் பக்கம் போய் முட்டையிடும். முட்டை யாருக்கு என்று ஒரு சண்டை நடக்கும். சண்டை போட்ட இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுவார்கள்.

எந்தப் பக்கம் பிழைப்பு நல்லது என்பதுதான் கிழங்கு விற்கிற பெண்களின் ஓயாத வழக்கு. எனலேசிக்குப் பக்கத்தில் கூடை வைத்திருக்கும் ஃபலேசி அந்தப் பக்கத்துக்காரி. லாரிகள் தாரில்தான் நிற்கும் என்பதால் தன் கிழங்கைச் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு விற்க வருவாள். அவளுடைய கிழங்கு கைமுட்டி அளவு இருக்கும். எனலேசியுடையது அதில் பாதி. அதற்காகவே எனலேசிக்கு அவள்மேல் தினமும் காலையில் ஒரு கோபம் வரும்.

"உங்க பக்கத்துல என்னக்கா இருக்கு?" என்று ஃபலேசி ஆரம்பிப்பாள். "நர்சம்மா இருக்கா, சரி. மருந்து இருக்கா? 'தீந்துபோச்சு, வீட்டுக்குப் போய் நல்லா தண்ணி குடி'ங்கிறா. தண்ணி குடிக்கவா அவ்வளவு தூரம் நடந்து வர்றோம்?"

"வர்றீங்கல்ல, அதச் சொல்லு மொதல்ல. புள்ள பெறணும்னா பாயைச் சுருட்டிக்கிட்டு எங்க பக்கந்தானே ஓடியாறீங்க. உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைக்குப் பல்லு மொளச்சிரும்."

"பல்லு மொளச்சா கடிக்க ஏதாவது இருக்குல்ல எங்க பக்கம்? உங்க ஊர்ல ஒரு வயல அக்கா தங்கச்சிங்க வெட்டி வெட்டிப் பங்கு போட்டு, கடைசில வர்றவளுக்கு வரப்புதான் மிச்சம்."

"பள்ளிக்கூடம்? உங்க வாத்தியார் போர்ச்சுகீசுல கத்துறாரு, புள்ளைங்க ஆந்தை மாதிரி முழிக்குதுங்க. அஞ்சு வருசம் போயிட்டு வந்து தன் பேர எழுதத் தெரியல."

"உங்க புள்ளைங்க நல்லா எழுதுதுங்க. எழுதி முடிச்சிட்டு எங்க வயல்ல கூலிக்குக் களை கொத்த வருதுங்க."

 இதைக் கேட்டதும் எனலேசி கூடையில் இருக்கிற பெரிய கிழங்குகளை மேலே எடுத்து வைப்பாள். அந்தப் பக்கத்துச் செழிப்பைக் கண்ணால் பார்த்தாலும் அவள் நம்புவதில்லை. அதற்கு அவளிடம் காரணம் இருந்தது.

அவள் சிறுமியாக இருந்தபோது அங்கே சண்டை மூண்டது. பாயும் பிள்ளைகளுமாக ஜனங்கள் சாலையைத் தாண்டி வந்து கொட்டினார்கள். அவளுடைய அம்மா வயல் மூலையில் ஒரு குடும்பத்துக்குக் குடிசை போட இடம் கொடுத்தாள். கொஞ்ச நாளில் எங்கிருந்தோ லாரிகளில் மாவும் எண்ணெயும் அவரையும் வந்து இறங்கின. எல்லாம் அகதிகளுக்கு. இடம் கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் எண்ணெய் விட்டு அவரை தாளிப்பதையும், தன் வீட்டில் வெறும் பூசணி இலை வேகுவதையும் எனலேசி பார்த்தாள். யாரிடம் என்ன இருக்கிறது என்பதை வெளியே தெரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தவள்தான். சண்டை ஓய்ந்து அவர்கள் திரும்பிப் போனார்கள்.

பிறகு, பிஸ்விக் என்ற அவளுடைய புருஷனும் போனான். ஒரு மூட்டைக் கிழங்கை விற்று வருகிறேன் என்று அதே சாலையைத் தாண்டினான். காசும் வரவில்லை, அவனும் வரவில்லை. இரண்டு மலை தள்ளி இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று சேதி மட்டும் வந்தது. அங்கே நிலம் நிறைய இருக்கிறதாம், அதுதான் காரணமாம். நிலத்துக்காகப் போனவன் நிலத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று அவள் ஊரைக் கூட்டித் திட்டினாள்.

அதற்கப்புறம் பஞ்ச வருஷம். மழை பொய்த்து, இந்தப் பக்கம் மக்காச்சோளம் என்ற பேச்சே இல்லாமல் போனது. எனலேசி காலையில் அடுப்பு மூட்டிப் பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். புகை மட்டும் எழ வேண்டும். தன் வீட்டில் ஒன்றுமில்லை என்பதைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், அதிலும் பிஸ்விக்கின் காதுக்குச் சேதி கொண்டுபோகிறவர்கள், தெரிந்துகொள்ளக் கூடாது. கடைசியில் வீம்பு எத்தனை நாள் பசி தாங்கும்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கூலிக்குப் போனாள். வேலை கொடுத்தவள், சிறு வயதில் இவர்கள் வயல் மூலையில் குடிசை போட்டிருந்த அதே குடும்பத்துப் பெண். கூலிச் சோளத்தைத் தட்டில் கூம்பாகக் குவித்து அளந்தாள். இவள் எதற்கு இப்படிக் குவிக்கிறாள், எதைக் கேட்கப் போகிறாள் என்று எனலேசி வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

இப்படிப்பட்டவள் தன் மகள் செலிஃபாவுக்கு அந்தப் பக்கத்து மாப்பிள்ளையை ஒப்புக்கொண்டாள் என்றால் ஒரே காரணம்தான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அதெலீனோ வந்தான். எனலேசியின் முற்றத்துக்கு அந்தண்டை தன் கையால் ஒரு வீடு கட்டிக்கொண்டு செலிஃபாவோடு இருந்தான். மகள் கண்ணெதிரில் இருப்பாள் என்கிற நிம்மதியில் எனலேசி தலையை ஆட்டிவிட்டாள்.

ஆனால் வழக்கம் இன்னொன்றும் சொல்கிறது. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் ஒதுங்கிவிட வேண்டும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பெண்ணின் தாய்மாமன் மூலமாகத்தான் கேட்க வேண்டும். சந்தேகப் பிராணிக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்? கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் எனலேசி மருமகன் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகு. நல்ல அகலமான முதுகு. இவள் இருமினால் அந்த முதுகு குதிருக்குப் பின்னால் ஓடி ஒளியும். முதுகை வைத்து ஆளை எவ்வளவுதான் எடை போடுவது?

அறுவடை முடிந்து, மலையை மூடுபனி பிடித்துக்கொண்ட குளிர்காலத்தில்தான் விவகாரம் ஆரம்பித்தது. ஒரு நாள் பனி விலகியபோது, சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் புதுத் தகரக் கூரை ஒன்று மின்னியது.

"அது யார் வீடு?" என்றாள் எனலேசி.

ஃபலேசி கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "யாராவது கட்டியிருப்பாங்க" என்றாள்.

"யாராவதுன்னா?"

"வீடு இல்லாத யாராவது."

ஃபலேசி ஒன்றைக் கேட்டால் ஒன்பது சொல்கிறவள். அவள் இப்படி வாயை மூடிக்கொண்டது எனலேசிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து அந்த வீட்டை விடாமல் பார்த்தாள். புகையே எழவில்லை. இன்னொன்றும் இடித்தது. அடுப்படிக் குடிசை வீட்டுக்கு முன்னால் இருந்தது. எங்களில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அடுப்படி வீட்டுக்குப் பின்னால்தான். என்ன வேகிறது, எவ்வளவு வேகிறது என்று வழியில் போகிறவனுக்கு ஏன் தெரிய வேண்டும்? முன்னால் அடுப்படி வைக்கிறவன் பின்னால் எதையோ மறைக்கிறான் என்று எனலேசி முடிவு கட்டினாள்.

அடுத்ததாக மருமகனின் சைக்கிள். காலையில் மூங்கிலும் கயிறும் ஏற்றிக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனது. மாலையில் வெறுமையாக வந்தது. அவன் வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் அந்தப் பக்கத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. எனலேசி அதைச் சுரண்டி முகர்ந்துகூடப் பார்த்தாள். ஒரு நாள் சைக்கிளில் இன்னொரு தகரமும் போனது. இந்த வீட்டுக் கூரை வைக்கோல். மழைக்கு ஒழுகுகிறது என்று செலிஃபா போன மாரியில் பானை வைத்துப் பிடித்தாள். பெண்டாட்டி தலைக்கு வைக்கோல், அந்தப் பக்கம் யார் தலைக்கோ தகரம்.

பிஸ்விக்கும் இப்படித்தான் ஒரு மூட்டையோடு போனான்.

"உன் புருஷன் எங்கடி போறான் தெனமும்?" என்று மகளைப் பிடித்தாள்.

செலிஃபா சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வேலைக்கு."

"என்ன வேலை?"

"அவங்க வயல்ல."

"அறுத்து முடிச்ச வயல்ல தகரத்துக்கு என்னடி வேலை? சோளத்தட்டைக்குக் கூரை போடுறானா?"

செலிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். "அம்மா, உனக்கு வேற வேலை இல்லியா? போய்க் கெழங்க வித்துட்டு வா."

"சிரிக்கிற. நானும் இப்படித்தான் சிரிச்சேன், உங்கப்பன் மூட்டையத் தூக்குனப்போ."

முறம் நின்றது. செலிஃபா எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். பாவம், விஷயம் தெரியாமல் இருக்கிறாள் என்று எனலேசி நினைத்தாள். தன்னைப் போலவே தன் மகளும் ஒரு சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேராகத் தம்பி லெஃபானி வீட்டுக்குப் போனாள். செலிஃபாவின் தாய்மாமன் அவன்தான். கல்யாணம் அவன் கையில். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்க அவனுக்குத்தான் வாய் உண்டு. போன இடத்தில், முற்றத்து மூலையில் புள்ளி போட்ட இறகுகள் கிடந்தன. கினிக்கோழி இறகு. லெஃபானி கினிக்கோழி வளர்ப்பதில்லை. அவனாகக் காசு கொடுத்து வாங்குகிறவனும் இல்லை.

"கினிக்கோழி யார் குடுத்தா?"

"வாக்கா, உக்காரு. குளிரு எப்படி இருக்கு பாத்தியா?"

"குளிரு கெடக்கட்டும். கோழி யார் குடுத்தா?"

"ஒரு மனுசன் கோழி திங்கக் கூடாதா?"

"தின்னு. நல்லா தின்னு. உன் மருமக புருஷன் அந்தப் பக்கத்துல வீடு கட்டுறான், அதுவாவது உனக்குத் தெரியுமா?"

லெஃபானி தலையைச் சொறிந்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு, "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, நானே வந்து பேசுறேன்" என்றான்.

கோழியைத் தின்றுவிட்டு நியாயம் பேசப் போகிறானாம். தம்பியையும் விலைக்கு வாங்கிவிட்டான் என்று எனலேசிக்குத் தெளிவாகிவிட்டது. இனி யாரையும் கேட்டுப் பயனில்லை. அந்த இன்னொருத்தி யாரென்று தானே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

மறுநாள் காலை, விதைக்கிழங்கு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். பஞ்ச வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. மண் காலடியில் மெத்தென்று அமுங்கியது. தன் வயலைப் போல நான்கு வயல் அகலத்துக்கு ஒரே வயல் விரிந்து கிடந்தது. வரப்பையே காணோம். இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இன்னும் சாக்கை உடுத்திக்கொண்டு திரிகிறார்கள், இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினாள்.

வீட்டில் ஆள் இல்லை. அவள் முதலில் பின்பக்கம்தான் போனாள். மறைத்து வைத்தது அங்கேதானே இருக்கும்! அங்கே ஒரு பீச் மரமும், குளிக்கப் புல் தட்டியும், பெரிய குதிர் ஒன்றும் இருந்தன. குதிர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அடியில் வைக்கோலைத் திணித்து மேலே கதிரைப் பரப்பியிருப்பான் என்று நினைத்து, இடுக்கு வழியாகத் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். கதிர்தான். வேறு இடத்தில் விட்டாள். அங்கேயும் கதிர்தான். கை வெளியே வர மறுத்து, சிராய்ப்போடுதான் வந்தது.

வீட்டுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் செலிஃபாவின் நீலப் பூப்போட்ட இடுப்புத் துணி மடித்து வைத்திருந்தது. அதன் மேல், எனலேசி தானே பின்னிக் கொடுத்த முறம். அடப்பாவி, என் மகள் சாமான்களைத் திருடிக்கொண்டு வந்தா அவளுக்குக் கொடுக்கிறாய்? முறத்தை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

தரை புதிதாக மெழுகியிருந்தது. எங்கள் பெண்கள் மண்ணைக் குழைத்துக் கையாலேயே மெழுகுவார்கள். முழங்கால் போட்டு, கையை வீசி வீசி. காய்ந்த தரையில் விரல் தடம் பிறை பிறையாக வரிசை கட்டி நிற்கும். எல்லோர் வீட்டுத் தரையிலும் அந்தப் பிறைகள் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். இந்தத் தரையில் அவை எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. இடது கையால் மெழுகியது. இந்த வட்டாரத்தில் இடது கையால் மெழுகுகிற பெண் ஒருத்திதான். வலது கையால் மெழுகடி என்று எத்தனையோ தடவை அவள் கையில் அடித்தது எனலேசிதான்.

எனலேசி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அவள் பட்ட சந்தேகம் சரிதான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருந்தாள். போகப் போவது மருமகன் இல்லை. மகள்.

தலையில் தண்ணீர்க் குடத்தோடு செலிஃபா வாசலில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் குடத்தை இறக்கக்கூட மறந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. அப்படித்தானே?" என்றாள் எனலேசி.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? குடி போனதுக்கு அப்புறமா?"

செலிஃபா குடத்தை இறக்கி வைத்தாள். "சொன்னா நீ என்ன பண்ணுவ? அவருக்கு இன்னொருத்தி இருக்கான்னு சொல்லுவ. இல்லேன்னா, இந்த மண்ணு நல்லதில்ல, குதிருக்குள்ள வைக்கோலு இருக்குன்னு சொல்லுவ. உன் கையில என்ன சிராய்ப்பு?"

எனலேசி கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவர் கூப்பிடல அம்மா. நாந்தான் கேட்டேன். மாமாகிட்டயும் நாந்தான் போய் நின்னேன். அவர் வழக்கப்படி கோழி குடுத்து, என்னையக் கூட்டிட்டுப் போக அனுமதி வாங்கினார். உன் வயலு எவ்வளவுன்னு உனக்கே தெரியும். அதுல பாதிய நான் எடுத்துக்கிட்டா நீ எதத் திம்ப?"

"எங்க பக்கம் ஆஸ்பத்திரி இருக்குடி. பள்ளிக்கூடம் இருக்கு. இங்க என்னடி இருக்கு?"

"எல்லாம் இருக்கட்டும். ஒடம்புக்கு வந்தா ரோட்டத் தாண்டி வர்றேன், புள்ள பொறந்தா அங்க படிக்க அனுப்புறேன். யாரு தடுக்கப் போறா?" செலிஃபாவின் குரல் இறங்கியது. "பஞ்சத்தப்போ வெறுந்தண்ணியக் கொதிக்க வெச்சுட்டு, என்னைய வாசல்ல உக்கார வெச்சியே. ரோட்ல ஆளு போறப்போல்லாம் மெல்லுற மாதிரி வாய அசைன்னு சொல்லுவியே. எனக்கு அது மறக்கல. எனக்கு ஒரு புள்ள பொறந்தா அதுகிட்ட அப்படிச் சொல்ல என்னால முடியாது."

எனலேசிக்கு அது ஞாபகம் இருந்தது. குழந்தைக்கு மறந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.  மகள் தன்னைவிட்டுப் போகிறாள் என்பதைவிட, தனக்குப் பயந்து மறைத்தாள் என்பதுதான் அதிகம் வலித்தது.

மேட்டிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் எதிரே ஒரு கதவு வந்துகொண்டிருந்தது. புத்தம் புதுப் பலகைக் கதவு. அதைச் சுமந்து வந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.  இரண்டு பக்கமும் அறுத்த வயல். ஒளிய ஒரு குத்துச்செடி கிடையாது. சட்டென்று கதவைப் பாதையில் செங்குத்தாக நிறுத்தி அதன் பின்னால் பதுங்கிக்கொண்டான் அதெலீனோ. எனலேசி துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டவெளியில், வீடில்லாத ஒரு கதவு மட்டும் நின்றது. கீழே அவனுடைய பெருவிரல்கள் தெரிந்தன.

வழக்கப்படி அவள் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒரு வருஷம் அடக்கி வைத்தது அவளை விடவில்லை. மருமகனோடு பேசத்தானே கூடாது? கதவோடு பேசலாமே!

"ஏ கதவே," என்றாள். "உன்னத் தூக்கிட்டு வந்த ஆளுக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கா?"

கதவு கொஞ்ச நேரம் யோசித்தது. "இருக்கிற அளவுக்கு இருக்குன்னு அம்மாகிட்டச் சொல்லு கதவே" என்று பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் குரல் வந்தது. முதுகுக்குப் பொருத்தமில்லாத மெல்லிய குரல்.

"மூளை இருக்கிறவன் எவனாவது அடுப்படிய வீட்டுக்கு முன்னால கட்டுவானா? காத்து அடிச்சா புகை பூரா வீட்டுக்குள்ள வராதா? வழில போறவன் எல்லாம் பானைய எட்டிப் பாக்க மாட்டானா? இந்த லட்சணத்துல என் மகள வெச்சுக் காப்பாத்தப் போறானாமா?"

"நானும் அதத்தான் சொன்னேன்னு சொல்லு கதவே. பின்னால வைக்கலாம்னுதான் குழி தோண்டுனேன். செலிஃபாதான் விடல."

"ஏனாம்?"

கதவு லேசாக ஆடியது. "பின்னால வெச்சா புகை மரத்துக்குள்ள போயிரும், கெழங்கு விக்கிற எடத்துலேர்ந்து பாத்தா தெரியாதுன்னா. எங்கம்மா காலைல மொதல்ல புகையத்தான் பாப்பாங்க, தெரியலேன்னா அன்னிக்கு அவங்களுக்குச் சோறு எறங்காதுன்னா. புகை வந்தா கண்ணு எரியுமேன்னு கேட்டேன். எரிஞ்சா எரியட்டும்னு சொல்லிட்டா."

எனலேசி தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். கதவு எதையும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. 

"ஏ கதவே, கீலு ரெண்டையும் உறுதியா அடிக்கச் சொல்லு. இந்தப் பக்கத்து ஆணி துருப்பிடிக்கும்."

சொல்லிவிட்டு வயலில் இறங்கி நடந்தாள்.

குடிபோன மறுநாள் காலை எனலேசி கூடையோடு சாலையோரம் வந்து உட்கார்ந்தபோது மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. தகரக் கூரை தெரியவில்லை. ஃபலேசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்; எனலேசி காதில் வாங்கவில்லை. லாரிக்காரன் ஒருவன் வந்து கிழங்கைக் கேட்டான். தள்ளி நில்லு, மறைக்கிறாய் என்று அவனிடம் சொன்னாள். பனி மெல்ல விலகியது. மேட்டில், வீட்டுக்கு முன்னால், புகை எழுந்து நின்றது.

"அந்தா பாருக்கா, உன் மக அடுப்பு மூட்டிட்டா," என்றாள் ஃபலேசி. "இப்பவாவது நிம்மதியா இரு."

எனலேசி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். புகை நேராக, அழகாகத்தான் எழுந்தது. ரொம்ப அழகாக. அவளுக்குத் தெரியாத புகையா? தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்தாலும் புகை இப்படித்தான் எழும்.

"வெறுந்தண்ணியா இருக்கும்" என்றாள்.

"அடப் போக்கா! குதிருக்குள்ள கைய விட்டு ஆழம் பாத்துட்டு வந்தவ நீ!"

எனலேசி அதற்குள் எழுந்துவிட்டாள். கூடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தாரைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள். வருவது தெரியட்டும் என்று வழியெல்லாம் உரக்க இருமினாள். அகலமான முதுகு ஒன்று வீட்டுக்குப் பின்னால் ஓடி மறைந்தது. அடுப்படிக்குள் செலிஃபா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனலேசி குனிந்து பானை மூடியைத் திறந்தாள்.

களி. வெள்ளை வெளேரென்று, கெட்டியாக. பக்கத்துச் சட்டியில் அவரை. அவள் கரண்டியை விட்டு அடிவரை கிண்டிப் பார்த்தாள். பிறகு அளவைப் பார்த்தாள். பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேருதானே? மூணு பேருக்கு ஆக்கியிருக்க. யாரடி அந்த மூணாவது?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

செலிஃபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்ததில் வந்ததோ புகையில் வந்ததோ, கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.  சுவரில் சாய்த்திருந்த மூன்றாவது தட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

எனலேசி அதை வாங்கி, திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.